பார்த்தவர்கள் கட்டைவிரல் போடவும்

வினாத்தாள்களைக் கொடுத்து முடித்து மேசைக்குத் திரும்பிய பிறகுதான் செண்பகவல்லி தன் வலது கட்டைவிரலைப் பார்த்தாள். விரலில் ஒன்றுமில்லை. நகத்தின் ஓரம் கொஞ்சம் சாக்பீஸ் பொடி, அவ்வளவுதான். ஆனால் இந்த விரல்தான் போட்டது, யாரும் கையைப் பிடித்து அழுத்தவில்லை, தானாகப் போய் அழுத்தியது, என்ன ஏது என்று பார்க்காமல். பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் எது வந்தாலும் பார்த்ததற்கு அடையாளமாகக் கட்டைவிரல் போட வேண்டும் என்பது தாளாளர் ஐயாவின் உத்தரவு. போடாதவர்களைச் சாயங்காலம் கூப்பிட்டு, "ஏன் டீச்சர், போன் ரிப்பேரா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து எல்லாரும் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவார்கள். விளையாட்டு சாரின் அம்மா தவறிப்போன செய்திக்குக்கூட குழுவிலிருந்த ஆசிரியர் கூட்டம் மொத்தமும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது. விளையாட்டு சாரும் போட்டிருந்தார், பாவம். அப்படித்தான் இன்று காலையிலும். திருப்புதல் தேர்வு என்றாலும் அரசுத் தேர்வு மாதிரியே நடக்க வேண்டும், மேற்பார்வைக்குப் போகிறவர்கள் போனைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தலைமையாசிரியர் அறை வாசலில் வரிசையில் நின்றார்கள். அவள் முறை வரும்போது கையிலிருந்த போன் ஒரு தடவை சிணுங்கியது. எழுத்தர் கோமதிநாயகம் ஏதோ படம் அனுப்பியிருந்தார். விரல் போய்ப் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் கண் பார்த்தது. திருநெல்வேலி டாக்டரம்மாவின் பெயர் அச்சடித்த தாள். பெயருக்குக் கீழே மனநல மருத்துவர். அதற்கும் கீழே செண்பகவல்லி, கணித ஆசிரியை, அப்புறம் நோயின் பெயர் ஆங்கிலத்தில், முழுசாக, சுருக்காமல். "போனப் போடுங்க டீச்சர், பெல் அடிச்சிரும்" என்று எதிரே தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நின்றவரும் அதே கோமதிநாயகம்தான். சிறப்பு விருந்தினர்களுக்குச் சால்வை வைத்துக் கொடுக்கிற எவர்சில்வர் தாம்பாளம். போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு மாடிப்படி ஏறி வந்துவிட்டாள்.

சொல்லியிருக்கலாம். சார், ஆள் மாறி அனுப்பிட்டீங்க, உடனே அழிங்க என்று காதோடு சொன்னால் முடிந்தது. ஆனால் கோமதிநாயகத்துக்கு மெதுவாகப் பேச வராது. "எத டீச்சர்?" என்று அவர் கேட்டால் மைதானத்தின் அந்தப் பக்கம் வேன் கழுவுகிறவருக்கும் கேட்கும். பின்னால் தமிழ் டீச்சர் நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் பல பேர், எல்லார் கையிலும் போன், எல்லார் போனும் ஒரே நேரத்தில் சிணுங்கி அடங்கியிருந்தன. கோமதிநாயகத்தின் முகத்தில் ஒன்றும் இல்லை. குழுவில் போட்டது அவருக்கே தெரியாது. தாளாளர் ஐயா கேட்டிருப்பார், பங்குனி பிறக்குமுன் செண்பகம் டீச்சர் விடுப்பு விஷயத்தை முடித்துவிடு, அந்தத் தாளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பு என்று. அவர் போனில் தாளாளர் பெயரும் ஆசிரியர் குழுவும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அவர் விரலும் விரல்தானே. அவரைத் திட்டக்கூட வாய் வரவில்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. திட்டினால் கொஞ்சம் ஆறும். இப்போது யார் யார் பார்த்திருப்பார்கள்? மேற்பார்வைக்கு வந்தவர்களின் போன்கள் தாம்பாளத்தில் கிடக்கின்றன, அவற்றைத் தேர்வு முடியும்வரை யாரும் பார்க்க முடியாது. ஆனால் தாம்பாளத்தில் போடுமுன்? தமிழ் டீச்சர் திரையைக் குனிந்து பார்த்தாள். அது நிச்சயம். எதைப் பார்த்தாள்? மணி பார்த்திருக்கலாம். மணி பார்க்க அவ்வளவு நேரமா? அப்புறம் மேற்பார்வை இல்லாதவர்கள் இருக்கிறார்கள், ஓவிய ஆசிரியர், தையல் டீச்சர், நூலகத்து அம்மா. வேலை இல்லாதவர்கள்தான் எதையும் நின்று நிதானமாகப் படிப்பார்கள். அந்த ஆங்கிலச் சொல் புரியாவிட்டால் போனிலேயே போட்டுத் தேடுவார்கள், போன் உடனே சொல்லிவிடும், இல்லாத குரல் கேட்கும், இல்லாததைப் பார்ப்பார்கள், அடுத்தவர்மேல் சந்தேகப்படுவார்கள் என்று. தையல் டீச்சர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டுவாள். அவளுக்கு எதையும் மனசுக்குள் படிக்கத் தெரியாது.

மூன்றாவது வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்று கூடுதல் தாள் கேட்டான். கொடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். ஜன்னல் வழியே பக்கத்துத் தெருவில் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற வாடை மாசி வெயிலோடு சேர்ந்து வந்தது. டாக்டரம்மாவின் தாள் உண்மையாக இருந்ததுதான் தப்பு என்று தோன்றியது. இந்தப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ விடுப்பு எடுக்கிறவர்களுக்கெல்லாம் மஞ்சள் காமாலைதான் வரும். மகள் கல்யாணத்துக்கும் மஞ்சள் காமாலை, வீடு கட்டினாலும் மஞ்சள் காமாலை, திருச்செந்தூருக்கு நடந்து போனாலும் மஞ்சள் காமாலை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருக்கிறார், நோயாளியின் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதித் தருவார். விடுப்புக் கேட்டு நின்ற அன்றைக்குக் கோமதிநாயகமே சொன்னார். "டீச்சர், நான் சொல்லுதத கேளுங்க. வீட்டுக்கு வீடு ஆயிரம் இருக்கும். பேப்பர்ல காமாலைன்னே வாங்கிட்டு வந்துருங்க. பேப்பரு ஊரு சுத்துத சாமான்." என்னவென்று தெரியாமலே அவருக்கு ஏதோ தெரிந்திருந்தது. அவள்தான் கேட்கவில்லை. கணக்கு டீச்சர், ஒரு படியில் பொய் எழுதினால் கடைசியில் விடை எங்கேயிருந்து வரும் என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்துகிறவள். வீட்டுக்காரர் ராஜாமணி மட்டும் டாக்டரம்மாவிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். "பொய் எழுத மாட்டேன் சார். எழுத வேண்டிய அவசியமும் இல்ல. இது அவங்களுக்கும் எனக்கும் நடுவுல உள்ளது, மிஞ்சிப்போனா ஆபீஸ்ல ஒருத்தர் பார்ப்பாங்க. வெளிய விடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு." சட்டம் இருக்கத்தான் செய்கிறது. அது பாட்டுக்குத் தில்லியில் இருக்கும். இங்கே தாம்பாளம் இருக்கிறது. இத்தனை காமாலைக்கு நடுவில் ஒரே ஒரு தாள்தான் மெய், அதைத்தான் படம் பிடித்து ஊருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

ஐப்பசியில்தான் ஆரம்பித்தது. ஓய்வறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. நின்றதா? நின்றது என்றுதான் அப்போது தெரிந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் அவள் பெயர் அடிபட்டது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால் அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று யாருக்கோ சேதி போவதாக இருந்தது. குக்கர்! வேறு யாராவது சொன்னால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அப்போது சிரிப்பு வரவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், அழுகிற சத்தத்தையும் கேட்டுவிடுவார்கள் என்று. ராஜாமணிதான் ஒரு நாள் கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு, "நீ வெளிய வரவேண்டாம் செண்பகம், உள்ளயே இரு. நான் இங்க இருக்கேன், அவ்வளவுதான்" என்றார். மறுநாள் திருநெல்வேலிக்கு ரயில். ஊரில் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார்கள். திருநெல்வேலி என்றால் கண் ஆஸ்பத்திரி என்று சொல்வது எல்லாருக்கும் பொருந்தும். அந்தப் பொய்யைக் காப்பாற்ற, பவரே இல்லாத ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டாள், இன்றைக்கும் மூக்கின்மேல் இருக்கிறது. மாத்திரையையும் இந்த ஊர்க் கடையில் வாங்கியதில்லை, இங்கே சீட்டை நீட்டினால் கடைக்காரர் பெயரைச் சத்தம் போட்டு வாசித்துத்தான் உள்ளேயிருந்து எடுக்கச் சொல்வார். இவ்வளவு பார்த்துப் பார்த்து நடந்திருக்கிறார்கள். ஒரு மழைக்காலம் முழுக்க இரண்டு பேரும் திருட்டுப் பொருளைச் சுமக்கிறவர்கள் மாதிரி அந்த ரயிலில் போய் வந்தார்கள், தெரிந்த முகம் ஏறினால் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போனார்கள்.

டாக்டரம்மா மாத்திரையும் கொடுத்தார், கூடவே ஒரு கேள்வியும் கொடுத்தார். "உங்களப் பத்திப் பேசுறாங்கன்னு தோணுச்சுன்னா சண்டை போடாதீங்க, அழாதீங்க, உங்களையே கேளுங்க. சாட்சி என்ன? பார்த்தேனா, நினைச்சேனா?" கார்த்திகை முழுக்க அந்தக் கேள்விக்குப் பதிலே வரவில்லை. மார்கழியில் மெல்ல வர ஆரம்பித்தது. நினைச்சேன். இன்னொன்று, அதுவும் நினைச்சேன். ஒவ்வொரு நினைச்சேனுக்கும் நெஞ்சில் ஒரு கனம் குறைந்தது. தை பிறந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது ஓய்வறையில் பேச்சு நிற்கவில்லை, பருப்பு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், அவள் உட்கார்ந்த பிறகும் பருப்பு விலையைப் பற்றியே பேசினார்கள். அன்றைக்கு அந்தப் பருப்பைக் கும்பிடலாம் போல இருந்தது. இப்போது இந்தத் தேர்வறையில், பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே, மின்விசிறியின் கிரீச்சுக்குக் கீழே, அதே கேள்வியை எடுத்துக் கேட்டாள். எல்லாரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சாட்சி என்ன? சாட்சி கீழே தாம்பாளத்தில் இருக்கிறது. பார்த்தேனா, நினைச்சேனா? பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன், கட்டைவிரல்கூடப் போட்டேன். இதற்குப் பிறகு அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நோய் பொய்யாகச் சொன்ன வார்த்தைகளையே இப்போது உண்மை வந்து சொல்கிறது. டாக்டரம்மாவிடம் போய், அம்மா, நீங்கள் கொடுத்த கேள்விக்குப் பார்த்தேன் என்று பதில் வந்துவிட்டது, இதற்கு என்ன மாத்திரை என்று கேட்டால் அவர் என்ன எழுதுவார்? எதை எழுதினாலும் அதுவும் ஒரு தாளில்தான் எழுதுவார். இனி அங்கே போகக்கூடாது என்று ஒரு நினைப்பு ஓடியது. போகாவிட்டால்? குக்கர் மறுபடி பேசும். பேசட்டும், அது வீட்டுக்குள் பேசுவதுதானே.

கதவருகில் நிழல் தட்டியது. மெர்சி டீச்சர், தாவரவியல், ஒவ்வொரு அறையாகப் போய் மேற்பார்வைக்காரர்களுக்குத் தேநீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் மாற்றிவிடுவது அவள் வேலை. டம்ளரை நீட்டினாள். "உக்காந்து குடிங்க டீச்சர். நான் பாத்துக்கிடுதேன். ஒண்ணும் அவசரமில்ல." செண்பகவல்லி டம்ளரை வாங்கினாள். மெர்சி எப்போதும், "சட்டுபுட்டுன்னு குடிங்க, இன்னும் மேல எத்தன ரூம் கெடக்கு" என்று சொல்கிறவள். ஒண்ணும் அவசரமில்ல என்று சொன்னதே இல்லை. மாற்றிவிடுகிறவர்களிடம் போன் வாங்கினார்களா? வாங்கியிருக்க மாட்டார்கள். அப்படியானால் பார்த்திருக்கிறாள். இல்லை, நேற்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் போய்விட்டு வந்த இளக்கமாக இருக்கலாம். ஒரு புள்ளியை வைத்துக் கோடு போட முடியாது, இரண்டு வேண்டும் என்று தனக்குத்தானே பாடம் எடுத்தாள். தேநீரில் சர்க்கரை அதிகமாக இருந்தது. அது இரண்டாவது புள்ளியா? சர்க்கரையை இரக்கத்தில் யாராவது அதிகமாகப் போடுவார்களா? சே, குக்கர் மாதிரி ஆகிவிட்டது இது. நேராகக் கேட்டுவிடலாம், மெர்சி, குரூப்ல என் பேப்பர் வந்துச்சா என்று. பார்க்காதவளாக இருந்தால், கேட்டதும் போய்ப் பார்ப்பாள். பார்த்தவளாக இருந்தால், இல்லையே டீச்சர் என்பாள். எந்தப் பக்கம் போனாலும் வழி அடைத்திருந்தது. "ஏன் டீச்சர் ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றாள் மெர்சி. ஒரு மாதிரி. இதற்கு முன்னால் யார் யாரிடம் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் இதை, தலைவலிக்கும் கேட்பார்கள், தூக்கமில்லாததற்கும் கேட்பார்கள். இனிமேல் அவளிடம் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "வெயிலு" என்றாள். மெர்சி டம்ளரை வாங்கிக்கொண்டு தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதோ, ஓய்வறையில் முணுமுணுப்பார்கள் என்பதோ பெரிய பயமில்லை. சிரித்தால் சிரிக்கட்டும். அவளை உள்ளே அரித்தது வேறு. கார்த்திகையில் ஒரு நாள், மாத்திரை சாப்பிட ஆரம்பித்த புதிதில், அடுப்படியில் கேஸ் வாடை அடித்தது. அடிக்கிறது என்றாள். கூட நின்ற அத்தை, ராஜாமணியின் அம்மா, மகனைப் பார்த்தாள், ராஜாமணி அத்தையைப் பார்த்தார். ஒரு இமைப்புதான் இருக்கும். அதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூக்கு இருக்கிறது, வாடை இருக்கிறது, நடுவில் அவள் மட்டும் இல்லை. "வாடை ஒண்ணும் இல்லையே தாயி, நீ போய்ப் படு" என்றாள் அத்தை, அவ்வளவு பிரியமாக. அவள் போய்ப் படுக்கவில்லை, அழவும் இல்லை, சிலிண்டர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் ராஜாமணி சோப்பு நுரையைக் குழாயில் தடவிப் பார்த்தார், நுரை குமிழ் விட்டது. வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துப்போனார். அன்றிலிருந்து இன்றுவரை அவள் எது சொன்னாலும் முதலில் எழுந்துவிட்டுத்தான் என்ன என்று கேட்பார். வீட்டில் அப்படித் திரும்பக் கிடைத்தது அவளுடைய சொல்லுக்கு மதிப்பு. பள்ளிக்கூடத்தில் அது போகவே இல்லை. செண்பகம் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். வினாத்தாளில் ஒரு கணக்கு தப்பு என்று அவள் சொன்னால் சரிபார்க்காமலே எல்லா அறைக்கும் சொல்லி அனுப்புவார் தலைமையாசிரியர் பால்துரை. போன வருஷம் பிட் வைத்திருந்த ஒருவனை அவள் பிடித்தபோது, "டீச்சர் பாத்துட்டாங்கல்ல, அப்புறம் என்னலே பேச்சு?" என்று அவனை வாயைத் திறக்கவே விடவில்லை. அவளிடம் இருக்கிற சொத்து அது ஒன்றுதான். பி.எட். பட்டமெல்லாம் சும்மா. பார்த்தேன் என்றால் பார்த்ததாக ஆக வேண்டும். அது போய்விட்டால் கரும்பலகைக்கு முன்னால் எதை வைத்துக்கொண்டு நிற்பது?

அப்போதுதான் ரித்திகாவின் கை அசைந்தது. ஜன்னலோரம் கடைசிக்கு முந்தின பெஞ்சு. செல்வாக்கான வீட்டுப் பிள்ளை ஒன்றுமில்லை, அப்பா டிபன் கடையில் மாவாட்டுகிறார், யாரும் பயந்து பேசவேண்டிய அவசியமில்லாத பிள்ளை. துப்பட்டாவின் மடிப்புக்குள்ளேயிருந்து விரல்கள் எதையோ எடுத்தன, விடைத்தாளுக்கு அடியில் வைத்தன, கண் கீழே போய் மேலே வந்தது. சின்னத் தாள், நீளவாக்கில் மடித்தது, பொடி எழுத்து. செண்பகவல்லி பார்த்தாள். உடம்பு பழக்கத்தில் எழுந்துவிட்டது, மனசு பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்தது. விட்டுவிடு. இன்றைக்கு வேண்டாம். இயற்பியல் திருப்புதல் தேர்வு, யாருக்கு என்ன நஷ்டம். விட்டுவிட்டால்? விட்டுவிட்டால் அவளே அந்தத் தாளை நம்பிவிட்டதாக ஆகும், மனநல மருத்துவர் என்று அச்சடித்த தாளை, தன் கண்ணை நம்பாமல். போகத்தான் வேண்டும். நடந்தாள். செருப்புச் சத்தத்துக்கு ரித்திகா நிமிர்ந்தாள், அவள் முகத்தில் வந்த பயத்தைப் பார்த்துச் செண்பகவல்லிக்கு ஒரு நிம்மதி, சொல்லவே வெட்கமான ஒரு சந்தோஷம், ஏனென்றால் இல்லாத பிட்டுக்கு யாரும் இப்படிப் பயப்பட மாட்டார்கள். கையை நீட்டினாள். "எடு." பெண் வாயை மூடிக்கொண்டு குனிந்தாள். தாடை அசைந்தது. ஒரு தடவை, இன்னொரு தடவை, தொண்டை ஏறி இறங்கியது. "என்ன முழுங்குன?" "மிட்டாய் மிஸ். இருமலுக்கு." "வாயத் திற." திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. விடைத்தாளுக்கு அடியிலும் ஒன்றுமில்லை, துப்பட்டாவிலும் ஒன்றுமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், அவர்கள் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. "நீ பிட்ட முழுங்கிட்ட" என்றாள். தன் குரல் கொஞ்சம் உயரமாக வந்தது அவளுக்கே கேட்டது. "இல்ல மிஸ். சத்தியமா இல்ல மிஸ்" என்று ரித்திகா அழ ஆரம்பித்தாள். செண்பகவல்லி விடைத்தாளைப் பிடுங்கித் தன் மேசைமேல் வைத்துவிட்டு, வராந்தாவில் போன வாட்ச்மேனிடம் தலைமையாசிரியரைக் கூட்டி வரச் சொன்னாள். சாட்சி என்ன என்று உள்ளே ஒரு குரல் கேட்டது, டாக்டரம்மாவின் குரல் மாதிரியே. சாட்சி அந்தப் பிள்ளையின் வயிற்றுக்குள் இருக்கிறது.

பால்துரை சார் வந்தார், கூடவே மெர்சியும். போன வருஷம் வந்த வேகம் இல்லை. கோயிலுக்குள் வருகிறவர் மாதிரி மெதுவாக வந்தார். ரித்திகாவிடம் இரண்டு வார்த்தை கேட்டார், அவள் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள், அவர் தலையாட்டினார். பிறகு, "டீச்சர், ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்" என்றார். வராந்தாவுக்கு வந்ததும் அறைக்கதவை அவரே சாத்தினார். "மொதல்ல ஒரு விஷயம். காலைல நம்ம கோமதிநாயகம் ஒரு தப்புப் பண்ணிட்டாரு. அத அழிச்சாச்சு. அவர நல்லா சத்தம் போட்டுட்டேன். யாரும் பாக்கல, நீங்க அத மனசுலயே வச்சுக்கிடாதீங்க." யாரும் பார்க்கவில்லை. நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியாமல் நின்றாள். அழுதுவிடக்கூடாது, அழுதால் அதற்கும் ஒரே அர்த்தம்தான். கோபப்பட்டாலும் அதே அர்த்தம். பேசாமல் நின்றால்? அதற்கும் அதுதான். "சார், அந்தப் பொண்ணு பிட் வச்சிருந்தா. துப்பட்டாவுல இருந்து எடுத்தா" என்றாள், ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக வைத்து. பால்துரை சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். நல்ல மனுஷர், யாரையும் புண்படுத்த விரும்பாதவர், இதற்கு முன் அவளிடம் தரையைப் பார்த்துப் பேசியதில்லை. "இருக்கலாம் டீச்சர். இல்லன்னு நான் சொல்லல. தப்பா எடுத்துக்கிடாதீங்க, ஒரு அண்ணன் கேக்குற மாதிரி நெனச்சுக்கோங்க." அக்கம்பக்கம் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "காலைல மாத்திரை போட்டீங்களா?"

போட்டாள். இட்லிக்குப் பிறகு போட்டாள், ராஜாமணி தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். போட்டாளா? நேற்றுப் போட்டதும் இன்றைக்குப் போட்டதும் ஒன்றாகத்தான் இருக்கும், தினமும் அதே இட்லி, அதே தண்ணீர். போட்டேன் சார் என்று சொன்னால் ஆமாம், போடுகிறவள்தான் என்று ஆகும். என்ன மாத்திரை சார் என்று கேட்டால் மறைக்கிறாள் என்று ஆகும். கதவு இடுக்கு வழியே தெரிந்தது, மெர்சி ரித்திகாவின் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள், பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தாள். செண்பகவல்லி அந்தப் பிட்டை மறுபடி கண்ணுக்கு முன் கொண்டுவரப் பார்த்தாள். நீளவாக்கில் மடித்தது. கோடு போட்டதா, வெள்ளையா? பொடி எழுத்து. நீல மையா, கறுப்பா? அவ்வளவு தூரத்திலிருந்து பொடி எழுத்து எப்படித் தெரியும்? பிட் என்றால் பொடி எழுத்தாகத்தான் இருக்கும் என்பதால் பொடி எழுத்து என்று மனசு எழுதிக்கொண்டதா? அந்தப் பெண்ணின் பயம் உண்மை. ஆனால் ஒரு டீச்சர் திடுதிடுவென்று நடந்து வந்து கையை நீட்டினால் எந்தப் பிள்ளைதான் பயப்படாது, அதுவும் இப்படி ஒரு டீச்சர். தாடை அசைந்தது. மிட்டாய்க்கும் தாடை அசையும். கையில் பிடித்திருந்த ஒவ்வொன்றும் கழன்று கழன்று விழுந்தது, அவள் குனிந்து எடுக்க எடுக்க இன்னொன்று விழுந்தது. பால்துரை சார் காத்துக்கொண்டு நின்றார். அவசரப்படுத்தவில்லை. "சும்மா சொல்லுங்க டீச்சர், நமக்குள்ளதான. நீங்க கண்டிப்பா பாத்தீங்களா?" பார்த்தேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பாத்த மாதிரி இருந்துச்சு சார்" என்றாள்.

"அதான், அதான்" என்றார் அவர், மூச்சு விட்டுக்கொண்டு. "நீங்க கீழ போய்க் கொஞ்சம் படுங்க. மெர்சி பாத்துக்கிடுவாங்க."